காலிப்ரேஷன் சர்டிபிகேட்டை ஃபைலில் போடுவதற்கு முன்

லேத், மில்லிங், கிரைண்டிங் என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பட்டறைக்குள் போனாலும் மைக்ரோமீட்டர் (மிகச் சிறிய அளவுகளை அளக்கும் ஸ்குரூ கருவி) பெட்டியின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். காலிப்ரேஷன் செய்த தேதி, அடுத்து செய்ய வேண்டிய தேதி, ஒரு அடையாள எண். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனிடம் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், "கருவி சரியா இருக்குன்னு அர்த்தம் சார்" என்பான். பல வருஷம் மெஷின் ஓட்டியவரும் அதையேதான் சொல்வார். ஆனால் ஸ்டிக்கரில் அப்படி ஒன்றும் எழுதியிருக்காது. இந்தக் கருவியை இதைவிட நம்பகமான ஒன்றோடு ஒருநாள் யாரோ ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான் அதில் இருக்கும் செய்தி. ஒப்பிட்டதில் என்ன தெரிந்தது என்பது சர்டிபிகேட்டில் இருக்கிறது. அந்தச் சர்டிபிகேட்டோ ஆடிட்டர் வரும் நாள்வரை ஃபைலை விட்டு வெளியே வருவதே இல்லை.

காலிப்ரேஷன் என்பது ஒப்பீடு. அட்ஜஸ்ட் செய்வது, ரிப்பேர் செய்வதெல்லாம் தனி வேலை, தனிக் கட்டணம். உங்கள் வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதைத் திருப்பி வைக்காமலேயே பஸ்ஸைச் சரியாகப் பிடித்துவிடலாம். அந்த 'ஐந்து நிமிடம் வேகம்' என்ற தகவலைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் காலிப்ரேஷன். முள்ளைத் திருப்புவது அட்ஜஸ்ட்மென்ட். லேபுக்கு அனுப்பிய கருவி திரும்பி வந்தால் "சரி பண்ணி வந்துடுச்சு" என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் நீங்கள் தனியாகக் கேட்காவிட்டால் பெரும்பாலும் அது போன மாதிரியேதான் திரும்பி வரும், கூடவே ஒரு காகிதமும் வரும். நீங்கள் காசு கொடுத்தது அந்தக் காகிதத்தில் இருக்கும் எண்களுக்கு.

அடுத்த கேள்வி எல்லோரும் கேட்பது: தினமும் காலையில் ஜீரோ பார்த்துவிட்டுத்தானே வேலை ஆரம்பிக்கிறோம், அது போதாதா? ஜீரோ பார்ப்பது நல்ல பழக்கம்தான். முகங்களுக்கு நடுவில் ஒரு சுத்தமான தாளை லேசாகப் பிடித்து இழுத்துத் துடைத்துவிட்டு, ராட்செட்டை (அழுத்தம் அதிகமாகாமல் பார்த்துக்கொள்ளும் நுனித் திருகை) மெதுவாகச் சுற்றி ஜீரோ பார்க்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது. ஆனால் ஜீரோ சரியாக இருப்பதால் 20 மி.மீ.யிலும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மைக்ரோமீட்டருக்குள் இருப்பது ஒரு ஸ்குரூ. சாதாரண மைக்ரோமீட்டரில் அது ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. நகரும், அந்த அரை மி.மீ.யைத் திம்பிளில் (கையால் சுற்றும் உருளையில்) 50 கோடுகளாகப் பிரித்திருப்பதால்தான் ஒரு கோடு 0.01 மி.மீ. ஆகிறது. இந்த ஸ்குரூ முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி தேயாது. வருஷம் முழுக்க 12 மி.மீ. பின்னையே அளந்துகொண்டிருந்தால் அந்த இடத்தில்தான் அதிகம் தேயும், ஜீரோவுக்கு அந்தச் செய்தியே போய்ச் சேராது.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. 0–25, அதாவது 25 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டரின் சர்டிபிகேட் எதையாவது எடுத்துப் பாருங்கள், சோதித்த அளவுகள் விசித்திரமாக இருக்கும்: 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25.0. ஏன் அழகாக 5, 10, 15, 20, 25 என்று எடுக்கவில்லை? அப்படி எடுத்தால் ஒவ்வொரு அளவுக்கும் திம்பிள் முழுச்சுற்றுகள் சுற்றி ஜீரோ கோட்டிலேயே வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள்ளேயே பாதிச் சுற்றில் கூட்டியும் மீதியில் குறைத்தும் காட்டுகிற ஸ்குரூவாக இருந்தால் அந்தப் பிழை கடைசிவரை மாட்டாது. 5.1 எடுத்தால் திம்பிள் 10-ஆவது கோட்டில் நிற்கும், 7.7-க்கு 20-ஆவது கோடு, 10.3-க்கு 30, 12.9-க்கு 40. சுற்றின் வெவ்வேறு இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற ஏற்பாடு அது. உங்களுக்கு வரும் சர்டிபிகேட்டில் வெறும் 5, 10, 15, 20, 25 மட்டும் இருந்தால் ஏன் என்று லேபைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, இப்போது அந்தச் சர்டிபிகேட்டை வாசிப்போம். ஒரு பத்தியில் ஸ்டாண்டர்டின் அளவு, அடுத்ததில் உங்கள் கருவி காட்டியது, அதற்கடுத்து பிழை, கடைசியாகவோ அடிக்குறிப்பிலோ அன்சர்ட்டனிட்டி. பிழை என்பது கருவி காட்டியதிலிருந்து உண்மையான அளவைக் கழித்தால் வருவது. 20.200 ஸ்லிப் கேஜை (அளவு துல்லியமாகத் தெரிந்த எஃகுக் கட்டையை) வைத்தபோது 20.203 காட்டினால் பிழை +3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது 0.001 மி.மீ.), அதாவது கருவி கூட்டிக் காட்டுகிறது, நீங்கள் 3 மைக்ரானைக் கழித்துக்கொள்ள வேண்டும். ப்ளஸ் போட்டிருக்கிறதே என்று கூட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். சில லேபுகள் பிழைக்குப் பதில் கரெக்ஷன் என்று போடும், அதில் குறி நேர் எதிராக இருக்கும், அதனால் பத்தியின் தலைப்பை முதலில் படியுங்கள்.

0–25 மைக்ரோமீட்டருக்கு ஜெர்மன் தரமான டின் 863 அனுமதிக்கும் பிழை 4 மைக்ரான். ஆகவே +3 என்பது பாஸ். ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று, எல்லோருக்கும் சந்தோஷம். இனி இந்தப் பாஸ் ஆன கருவியை வைத்து வேலை செய்து பார்ப்போம். டிராயிங்கில் ஷாஃப்ட் 20 எச்6 என்று இருக்கிறது, அதாவது மேல் எல்லை 20.000, கீழ் எல்லை 19.987. மொத்த டாலரன்ஸே, அதாவது இரண்டு எல்லைக்கும் நடுவில் உள்ள இடைவெளியே, 13 மைக்ரான்தான். மைக்ரானைக் காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷாஃப்ட் 20.002 காட்டுகிறது, இன்ஸ்பெக்டர் ஓரமாக எடுத்து வைக்கிறார். உண்மையில் அது 19.999, அதாவது எல்லைக்குள் இருக்கிறது. இன்னொன்று 19.988 காட்டுகிறது, ஓகே பெட்டிக்குப் போகிறது. அதன் உண்மை அளவு 19.985. கஸ்டமர் அசெம்பிளி செய்யும்போது லூஸாக இருக்கிறது என்று போன் வரும், நீங்களும் "எங்க மைக்ரோமீட்டர் காலிப்ரேட் ஆனதுங்க" என்று மனசார வாதாடுவீர்கள், அதில் பொய்யும் இல்லை. அந்த +3 என்ற எண்ணை யாரும் ஃபைலிலிருந்து எடுத்து மெஷின் பக்கத்தில் ஒட்டவில்லை, அதுதான் நடந்தது.

அன்சர்ட்டனிட்டி என்ற கடைசி எண்ணைப் பலரும் அப்படியே தாண்டிப் போய்விடுவார்கள். அது கருவியின் பிழை என்று எண்ணிக்கொள்வதும் சகஜம். லேப் சொன்ன +3-ஐயே எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கான எண் அது. '±2 மைக்ரான், கே = 2, 95%' என்று போட்டிருந்தால், பிழை +1-க்கும் +5-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவுக்கு அதை நம்பலாம் என்று பொருள். அப்படியானால் நாம் 19.999 என்று திருத்திக்கொண்ட ஷாஃப்ட் 20.001 ஆகவும் இருக்கலாம். அதனால்தான் விவரம் தெரிந்த பட்டறைகள் டிராயிங் எல்லையை அப்படியே இன்ஸ்பெக்ஷன் எல்லையாக வைத்துக்கொள்வதில்லை, இரண்டு பக்கமும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொள்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். லேபின் ±2 என்பது ஏசி ரூமில், பழகிய கையால், நிதானமாக எடுத்தது. உங்கள் ஷாப் ஃப்ளோரில் கூலன்ட் பிசுபிசுப்போடு இரண்டாவது ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் எடுக்கும் அளவுக்கு அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

எந்த வேலைக்கு எந்தக் கருவி என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கருவியின் பிழை போகக் கூடாது. நெருக்கடியில் நாலில் ஒன்று வரை ஒத்துக்கொள்வார்கள். 13 மைக்ரானுக்கு பத்தில் ஒன்று 1.3 மைக்ரான். 0.01 லீஸ்ட் கவுண்ட் (காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) மைக்ரோமீட்டரால் அது நடக்காது, வெர்னியரை (நகரும் தாடையும் ஸ்கேலும் உள்ள கருவியை) பற்றிப் பேசவே வேண்டாம். இந்த மாதிரி வேலைக்கு ஸ்லிப் கேஜை வைத்து ஜீரோ செய்த கம்பேரேட்டரோ (அதிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்று மட்டும் காட்டும் கருவி) ஏர் கேஜோதான் (காற்றைச் செலுத்தி அளக்கும் கருவி) சரி. மைக்ரோமீட்டரை விட்டால் வழியில்லை என்றால் 20 மி.மீ. ஸ்லிப் கேஜை வைத்துப் பார்த்து, அந்த இடத்தில் எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு அளக்கலாம்.

டிஜிட்டல் வெர்னியர் வந்தபிறகு இந்தக் குழப்பம் கூடிவிட்டது. திரையில் 0.01 வரை தெரிகிறது, ஆகவே 0.01 வரை சரி என்று கை தானாக நம்பிவிடுகிறது. 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியருக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் துல்லியமே பொதுவாக ±0.02 அல்லது ±0.03 மி.மீ.தான், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளில் பாருங்கள். திரை எத்தனை இலக்கம் காட்டுகிறது என்பது ஒன்று, அந்த இலக்கம் உண்மையா என்பது வேறு, அதே ஜாபை (அளக்கும் பொருளை) பத்து முறை அளந்தால் பத்து முறையும் ஒரே எண் வருமா என்பது மூன்றாவது. மூன்றாவது நன்றாக இருந்து இரண்டாவது மோசமாக இருக்கிற கருவிதான் ரொம்ப ஆபத்து, ஏனென்றால் மாறாமல் ஒரே தவறைச் சொல்கிறவனை யாரும் சந்தேகப்படுவதில்லை.

வெர்னியருக்கு இன்னொரு பிறவிக் குறையும் உண்டு. அளக்கும் ஜாப் தாடைகளின் நுனியில் இருக்கிறது, ஸ்கேலோ மேலே தள்ளி இருக்கிறது. கொஞ்சம் அழுத்தினால் நகரும் தாடை லேசாகச் சாய்ந்து, அளவு மாறிவிடும். அளக்கப்படும் நீளமும் ஸ்கேலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று 1890-லேயே எர்ன்ஸ்ட் ஆபே என்ற ஜெர்மானியர் சொல்லிவைத்தார். மைக்ரோமீட்டர் அப்படி அமைந்த கருவி, வெர்னியர் அப்படி இல்லை. அதனால் வெர்னியரில் அளக்கும்போது ஜாபை நுனியில் பிடிக்காமல் ஸ்கேலுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள்.

வெப்பநிலையைப் பற்றிச் சொல்லாமல் நம் ஊரில் அளவைப் பற்றிப் பேச முடியாது. டிராயிங்கில் இருக்கும் எந்த அளவும் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய அளவு. 1931-லேயே உலகளவில் ஒத்துக்கொண்டது அது, சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் முதல் எண் தரமும் அதைப் பற்றியதுதான். கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ அம்பத்தூரிலோ ஷெட்டுக்குள் சித்திரை மாதம் 20 டிகிரிக்கு எங்கே போவது? 100 மி.மீ. எஃகுத் துண்டு ஒரு டிகிரிக்குச் சுமார் 1.15 மைக்ரான் நீளும், 35 டிகிரியில் 17 மைக்ரான் கூடியிருக்கும். கேட்டாலே பயமாக இருக்கிறது, ஆனால் ஒரு ஆறுதல் உண்டு: உங்கள் மைக்ரோமீட்டரும் எஃகுதான், அதுவும் 35 டிகிரியில் அதே விகிதத்தில் நீண்டிருக்கும், அதனால் இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்வரை பிழை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும். சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, மெஷினிலிருந்து இறக்கிய சூட்டோடு சூடாக அளப்பது. ஜாப் கருவியைவிட 10 டிகிரி சூடாக இருந்தால் 100 மி.மீ.க்குப் பதினொரு மைக்ரான் பெரிதாகக் காட்டும், நீங்கள் அதை நம்பி இன்னொரு கட் எடுப்பீர்கள், ஆறியதும் அண்டர்சைஸ். ஜாபையும் கருவியையும் ஒரே சர்ஃபேஸ் பிளேட்டில் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அளப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. இரண்டாவது அலுமினியம். அது எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும், அதனால் 35 டிகிரியில் இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாலும் 100 மி.மீ. அலுமினிய ஜாப் சுமார் 17 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். கஸ்டமர் ஏசி ரூமில் அளந்து "சின்னதா இருக்கு" என்றால் சண்டைக்குப் போகாதீர்கள், கால்குலேட்டரை எடுங்கள்.

சரி, லேபின் ஸ்டாண்டர்டு சரியாக இருக்கிறது என்று யார் சொல்வது? உங்கள் மைக்ரோமீட்டரை லேபின் ஸ்லிப் கேஜ் சோதிக்கிறது, அந்த ஸ்லிப் கேஜை அதைவிட உயர்ந்த கிரேடு ஸ்லிப் கேஜ் சோதித்திருக்கும், அது இன்னும் மேலே போய் டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஒளியின் அலைநீளத்தோடு போய் முடியும். 1983 முதல் மீட்டர் என்பதே ஒளி ஒரு நொடியில் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் வெற்றிடத்தில் கடக்கும் தூரம். இந்தச் சங்கிலிக்கு டிரேசபிலிட்டி என்று பெயர். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் சர்டிபிகேட் வெறும் காகிதம். இதற்கு ஆதாரமாக நிற்கும் ஸ்லிப் கேஜ், சுவீடனில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன் 1896-இல் யோசித்த விஷயம். வெறும் 102 கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டி 1 முதல் 201 மி.மீ. வரை 0.01 இடைவெளியில் இருபதாயிரம் அளவுகளை அமைக்கலாம் என்று கணக்குப் போட்டார். கட்டைகள் அவ்வளவு தட்டையானவை, துடைத்து அழுத்தித் தேய்த்தால் பசை எதுவும் இல்லாமலேயே ஒட்டிக்கொள்ளும். 25 மி.மீ. கிரேடு 0 கட்டைக்கு அனுமதிக்கப்பட்ட விலகல் 0.14 மைக்ரான்தான், கிரேடு 1-க்கு 0.30. அதைப் பட்டறையில் வெறும் கையால் எடுத்துப் பேப்பர் வெயிட் மாதிரி வைப்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

லேபைத் தேர்ந்தெடுக்கும்போது என்ஏபிஎல் (லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, இன்ன கருவி, இன்ன அளவு வரம்பு, இன்ன அன்சர்ட்டனிட்டி என்று ஸ்கோப்பாகத்தான் கிடைக்கும். என்ஏபிஎல் இணையதளத்தில் அந்த ஸ்கோப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிரஷர் கேஜுக்கு அங்கீகாரம் வாங்கிய லேப் உங்கள் போர் கேஜுக்கும் (துளையின் விட்டத்தை அளக்கும் கருவிக்கும்) சர்டிபிகேட் கொடுத்தால், அந்தச் சர்டிபிகேட்டில் என்ஏபிஎல் முத்திரை இருக்காது, இருக்கவும் கூடாது. இன்னொரு பொதுவான குழப்பம்: தராசுக்கு வருஷா வருஷம் தொழிலாளர் துறையில் வைக்கும் முத்திரை. அது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி வியாபாரத்துக்கான சரிபார்ப்பு, வாங்குபவரை ஏமாற்றக் கூடாது என்பதற்காக. கடையில் எடை போட்டு விற்க அது இல்லாமல் முடியாது. ஆனால் தரக்கட்டுப்பாட்டு ஆடிட்டில் முத்திரையைக் காட்டினால் ஆடிட்டர் காலிப்ரேஷன் சர்டிபிகேட் எங்கே என்றுதான் கேட்பார், ஏனென்றால் முத்திரையில் பிழை எவ்வளவு என்ற எண் இல்லை.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? வருஷத்துக்கு ஒருமுறை என்பது சட்டம் மாதிரி ஊரெல்லாம் பரவியிருக்கிறது, அது வெறும் வழக்கம். லேபுகளுக்கான தரமான ஐஎஸ்ஓ 17025, வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டிருந்தாலொழிய அடுத்த தேதியை லேப் தானாகப் பரிந்துரைக்கவே கூடாது என்கிறது. அந்தத் தேதியை முடிவு செய்ய வேண்டியது நீங்கள். பழைய சர்டிபிகேட்டுகளை வரிசையாக மேசையில் பரப்புங்கள். மூன்று வருஷமாக எல்லா இடத்திலும் ஒரு மைக்ரானுக்குள்ளேயே நிற்கிறது என்றால் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம். +1, +2, +3 என்று ஏறிக்கொண்டே போனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். காஸ்ட் அயர்ன் தூள் பறக்கும் இடத்தில் மூன்று ஷிஃப்டும் கையில் இருக்கிற மைக்ரோமீட்டரும், மேனேஜர் அறை அலமாரியில் வெல்வெட்டுக்குள் தூங்குகிற மைக்ரோமீட்டரும் ஒரே தேதியில் லேபுக்குப் போவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. கீழே விழுந்தால் மட்டும் தேதி எதுவும் பார்க்க வேண்டாம், அன்றைக்கே சோதிக்க வேண்டும், விழவைத்தவரைத் திட்டாமல் இருந்தால்தான் அடுத்த முறையும் வந்து சொல்வார்.

இரண்டு தேதிகளுக்கு நடுவிலும் கண்ணை மூடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நீங்கள் அடிக்கடி அளக்கும் அளவுகளில் இரண்டு மூன்று ஸ்லிப் கேஜ் வாங்கி வைத்து வாரம் ஒருமுறை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த எண் நகர ஆரம்பித்தால் லேபுக்கு முன்னால் உங்களுக்கே தெரிந்துவிடும். இரண்டு கருவிகள் இரண்டு விதமாகச் சொன்னால், விலை அதிகமானது சொல்வதுதான் உண்மை என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடிக்கு அதுதான் நடந்தது. கண்ணாடியின் வளைவைச் சோதிக்கவென்றே மிகத் துல்லியமாகச் செய்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. அதைவிடச் சாதாரணமான வேறு சோதனைகள் வளைவில் தப்பு இருப்பதைக் காட்டத்தான் செய்தன, அந்தக் கருவிகளுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். 1990-இல் மேலே போன பிறகுதான் படங்கள் மங்கலாக வந்தன. கண்ணாடியின் விளிம்பு 2.2 மைக்ரான் அளவுக்குத் தட்டையாகிப் போயிருந்தது.

கடைசியாக, லேபில் கருவி ஃபெயில் ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி. பலர் அதை அட்ஜஸ்ட் செய்து தரச் சொல்லி, புதுச் சர்டிபிகேட்டை ஃபைலில் போட்டு, நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தக் கருவியால் போன ஆறு மாதமாகப் பாஸ் செய்து அனுப்பிய ஜாபெல்லாம்? ஐஎஸ்ஓ 9001 வைத்திருக்கும் கம்பெனி என்றால், கருவி சரியில்லை என்று தெரிந்தவுடன் அதனால் எடுத்த பழைய அளவுகள் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அதைப் பார்க்க, அட்ஜஸ்ட் செய்வதற்கு முன்னால் கருவி என்ன காட்டியது என்ற எண்கள் வேண்டும். இதை 'ஆஸ் ஃபவுண்ட்' என்பார்கள். லேப் திருகைத் திருப்பிய பிறகு அந்த எண்கள் போயே போய்விட்டன, யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே கருவியை அனுப்பும் டெலிவரி சலானிலேயே "அட்ஜஸ்ட் செய்வதாக இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் இரண்டும் வேண்டும்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அந்த எண்கள் கையில் இருந்தால், பிழை +6 என்றாலும், அந்தக் கருவி அளந்த ஜாபின் டாலரன்ஸ் 100 மைக்ரானாக இருந்து, அளவுகளும் எல்லையை ஒட்டி நிற்காமல் இருந்தால் எதையும் திரும்ப அழைக்கத் தேவையில்லை என்று கணக்கோடு காட்டிவிடலாம். டாலரன்ஸ் 13 மைக்ரான் என்றால், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை போன லாட் என்று பட்டியல் எடுத்து, கஸ்டமர் போன் செய்வதற்கு முன்னால் நீங்களே செய்துவிடுங்கள்.